கிறிஸ்தவ சபைக் கூடுகையில் உள்ளரங்கப் புதையல் வேட்டை: பெட்டியைப் பூட்டுவது முதல் சீட்டுகளைத் திரும்ப எண்ணுவது வரை

புதையல் வேட்டை என்றதும் பலரும் முதலில் குறிப்பு எழுதத்தான் உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல்முறை நடத்தியபோது 20 குறிப்புகள் எழுதினேன், எல்லாம் எதுகை மோனையோடு. வேட்டை தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், வேதாகமத்தைக் கரைத்துக் குடித்த இரண்டு வாலிபர்கள் ஓடியோடி அத்தனையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் சுவரோரம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த ஒரு குடும்பம், பையை மடியில் வைத்தபடி எப்போது கிளம்பலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் ஐக்கியக் கூடுகை, நடந்தது ஓட்டப்பந்தயம்.

குறிப்புகளில் குறையில்லை, வேட்டையின் அமைப்பில்தான் கோளாறு என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு கூடுகைகள் தேவைப்பட்டன. இப்போது நான் நடத்தும் வேட்டையில் வெற்றி பெறும் குழு என்று ஒன்று கிடையாது. கடைசிப் பெட்டியில் நான்கு இலக்கப் பூட்டு தொங்கும். ஒவ்வொரு குழுவிடமும் ஓர் இலக்கம்தான் இருக்கும். நான்கு குழுவும் வந்து சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். முதலில் முடித்த குழு மார்தட்டிக்கொள்ள முடியாது. பின்தங்கிய குழுவுக்குக் கைகொடுக்க ஓட வேண்டியிருக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றியே இருக்கும்.

பூட்டிலிருந்து தொடங்குங்கள்

திட்டத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போடுங்கள். முதலில் பூட்டின் எண். பயணப் பெட்டிகளுக்குப் போடும் எண் பூட்டு போதும். நான்கு சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். எண்ணை நேரடியாகச் சீட்டில் எழுதிவிட்டால் சுவாரசியம் போய்விடும். நான் பயன்படுத்திய கேள்விகள் இவை:

எரிகோவை ஏழாம் நாளில் எத்தனை முறை சுற்றினார்கள்? 7 (யோசுவா 6).
தாவீது ஆற்றிலிருந்து எடுத்த கூழாங்கற்கள் எத்தனை? 5 (1 சாமுவேல் 17).
கானா ஊர்க் கல்யாண வீட்டில் இருந்த கற்சாடிகள் எத்தனை? 6 (யோவான் 2).
சிறுவனிடம் இருந்த மீன்கள் எத்தனை? 2 (யோவான் 6).

நான்கு விடைகள் கையில் வந்தபின்னும் வரிசை தெரியாது. பெட்டியின் மேல் ஒரு வரி மட்டும் ஒட்டுங்கள்: 'வேதத்தில் முன்னால் வருவது முன்னால்.' யோசுவா, சாமுவேல், பிறகு யோவானில் 2-ம் அதிகாரம், 6-ம் அதிகாரம். ஆக 7562. இந்த வரிசையைக் கண்டுபிடிக்க நான்கு குழுவினரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று பேசியாக வேண்டும். கானா முதலா, அப்பமும் மீனும் முதலா என்று எழும் வாக்குவாதம்தான் அன்றைய மாலையின் உச்சம். அவசரப்பட்டு விடையைச் சொல்லி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

எண் பூட்டு கிடைக்காவிட்டால் ஒரு படத்தை நான்காகக் கிழித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு கிடைக்கும்படி செய்யலாம். துண்டுகளைச் சேர்த்தால் பெட்டி இருக்கும் இடம் தெரிய வேண்டும். பூட்டு தரும் 'கிளிக்' சத்தம் மட்டும் இதில் கிடைக்காது.

குழுவும் நேரமும்

நான்கு குழுக்கள், குழுவுக்கு 5 அல்லது 6 பேர். ஏழுக்கு மேல் போனால் இருவர் சீட்டைப் படிப்பார்கள், ஐவர் பின்னால் நடப்பார்கள். 12 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள், தாராளமாக நடக்கும். 30-ஐத் தாண்டினால் இரண்டு பெட்டி, இரண்டு தொகுதி என்று கட்டடத்தின் வேறு வேறு பகுதிகளில் தனித்தனியாக நடத்துவதே நல்லது. எட்டுக் குழுக்களை ஒரே கூடத்தில் விட்டுப் பார்த்தேன். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

குழு பிரிப்பதை மக்களிடமே விட்டால் குடும்பம் குடும்பமாகவும் நண்பர்கள் நண்பர்களாகவும் ஒட்டிக்கொள்வார்கள். வாசலிலேயே வண்ணச் சீட்டு கொடுத்துவிடுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு முதியவர், ஒரு சிறுவர், வேதம் அறிந்த ஒருவர், சபைக்குப் புதியவர் யாராவது ஒருவர் இருக்கும்படி பார்த்துக் கொடுங்கள். கணவனையும் மனைவியையும் பிரிக்கலாம், தவறில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் அதன் தாயையும் பிரிக்காதீர்கள்.

ஒரு குறிப்பை அவிழ்க்க 3 அல்லது 4 நிமிடம், நடந்து தேட 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் நான்கு இடங்களுக்கு ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். விதிகளைச் சொல்ல 10, பூட்டைத் திறக்க 10, அதன்பின் பேச 10 என்று சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அதற்குமேல் இழுத்தால் சிறுவர்களுக்குப் பசிக்கும், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும்.

இடங்களை முடிவு செய்தல்

கூடுகை நடக்கும் அதே வேளையில், சில நாட்களுக்கு முன்பே கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். பகலில் பார்த்து வைத்த மூலை மாலையில் இருண்டு கிடக்கும். திறந்திருந்த அறை பூட்டியிருக்கும். போதகரிடமும் சாவி வைத்திருப்பவரிடமும் எந்த அறை வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே ஒளிக்கக்கூடாது என்பதை முதலில் தீர்மானியுங்கள். பீடம், திருவிருந்து மேசையும் அதன் பாத்திரங்களும், காணிக்கைப் பெட்டி, அலுவலகக் கோப்புகள் ஆகியவற்றின் பக்கமே போகவேண்டாம். சிலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், சிலருக்கு மனம் புண்படும்; அந்தச் சிலருக்காகத் தவிர்ப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஒலிபெருக்கிக் கருவிகள், மின்பலகை, கழிப்பறை ஆகியவையும் வேண்டாம். அவசர வழியை அடைத்துக்கொண்டு எதையும் வைக்காதீர்கள். தடைசெய்த கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டி, 'சிவப்பு என்றால் இங்கே எதுவும் இல்லை' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாயால் மட்டும் சொன்ன தடையைச் சிறுவர்கள் சவாலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நான்கு இடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். ஒளிக்கும் உயரம் முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் எட்டி எடுக்கலாம், குனிய முடியாதவரும் எடுக்கலாம். மாடியில் ஓர் இடத்தை வைத்தே ஆக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். படிக்கட்டை இடமாக வைத்தால் முதல் படியின் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யார் எந்த வரிசையில் போவது

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நான்கு குழுவும் ஒரே வரிசையில் போனால் முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்தாலே போதும், குறிப்பைப் படிக்கவே வேண்டாம். தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினாலும் (அ ஆ இ ஈ, ஆ இ ஈ அ என்று) ஒரு குழுவின் வால் இன்னொரு குழுவின் தலையைத் தொட்டுக்கொண்டே போகும். ஒருவர் திணறினால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டியதுதான்.

நான்கு இடங்களுக்கும் அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டு இப்படி அனுப்புங்கள்:

சிவப்புக் குழு: அ, ஆ, இ, ஈ
நீலக் குழு: ஆ, ஈ, அ, இ
பச்சைக் குழு: இ, அ, ஈ, ஆ
மஞ்சள் குழு: ஈ, இ, ஆ, அ

இதில் ஒரு சுற்றில் ஒரு இடத்துக்கு ஒரு குழுதான் வரும். அதோடு, ஒரு குழு நடந்த வழியில் இன்னொரு குழு நடக்காது. அ-விலிருந்து ஆ-வுக்குப் போவது சிவப்பு மட்டும். அ-விலிருந்து இ-க்குப் போவது நீலம் மட்டும். யாரும் யாரையும் பின்தொடர்ந்து பயனில்லை.

சீட்டுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்ணத்துக்கு ஒன்றாக 4 சீட்டுகள். அவற்றில் மூன்று அடுத்த இடத்துக்கு வழிகாட்டும், ஒன்றில் மட்டும் பூட்டின் கேள்வி இருக்கும், அந்த இடத்தில் எந்தக் குழுவின் பயணம் முடிகிறதோ அந்தக் குழுவுக்காக. ஆக ஒளித்துவைப்பது 16 சீட்டுகள், தொடக்கத்தில் கையில் கொடுப்பது 4. மொத்தம் 20. இந்த 16 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குறிப்பு எழுதும் கலை

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. நான் அதிகம் தவறு செய்ததும் இதில்தான். ஒருமுறை சுவர்க்கடிகாரத்துக்காக வேறு மொழி விடுகதை ஒன்றை எடுத்து அப்படியே தமிழாக்கினேன்: 'எனக்குக் கைகள் உண்டு, பிடிக்க முடியாது.' ஒரு குழு கூடச் சரியான இடத்துக்குப் போகவில்லை. ஒருவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார், இன்னொருவர் மாட்டியிருந்த கோட்டின் பைக்குள் கைவிட்டார். தமிழில் கடிகாரத்துக்குக் கை ஏது? முள்தான் உண்டு. அடுத்தமுறை இப்படி எழுதினேன்:

'முள் உண்டு, குத்தாது. எசேக்கியாவுக்காகப் பத்துப் பாகை பின்னால் போனது நிழல். நான் முன்னால் மட்டுமே போவேன்.'

ஒரு பாட்டி முதல் வரியிலேயே சுவரை நோக்கி விரலை நீட்டிவிட்டார். எசேக்கியா காலத்துச் சூரிய கடியாரம் (2 இராஜாக்கள் 20) நினைவுக்கு வந்தவர்களுக்கு இரண்டாம் வரி, வராதவர்களுக்கு முதல் வரி. நல்ல குறிப்புக்கு இப்படி இரண்டு வாசல் இருக்க வேண்டும்: ஒன்று வேதம் தெரிந்தவர் நுழைய, மற்றொன்று வெறும் புத்தியால் நுழைய. வேதம் மட்டுமே திறவுகோல் என்றால் புதிதாக வந்தவர் வாயடைத்து நிற்பார். வேதமே தேவையில்லை என்றால் இதைச் சபையில் நடத்துவதற்கு என்ன காரணம்?

மற்ற மூன்று இடங்களுக்கு நான் எழுதியவை:

ஜன்னல் (அப்போஸ்தலர் 20): 'பவுல் பேச்சை நீட்டினார், ஐத்திகு கண்ணை மூடினான். அவன் உட்கார்ந்த இடம் இங்கேயும் உண்டு. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது.'

படிக்கட்டு (யாக்கோபு கனவில் கண்ட ஏணி, ஆதியாகமம் 28): 'கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கியவன் கனவில் கண்டதற்கு நான் தம்பி. அதில் ஏறி இறங்கியவர்கள் தூதர்கள். என்மேல் ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள்.'

துடைப்பம் (தொலைந்த வெள்ளிக்காசை வீடு பெருக்கித் தேடியவள், லூக்கா 15): 'பத்தில் ஒன்று தொலைந்தது. விளக்கைக் கொளுத்தியவள் அடுத்து யாரைக் கையில் எடுத்திருப்பாள்? வீடெல்லாம் சுற்றுவேன், பிறகு மூலையில் நிற்பேன்.'

இரண்டாவது கூடுகையில் ஐத்திகு குறிப்பு பச்சைக் குழுவிடம் போனது. 15 வயதுப் பையன் ஒருவன் "ஐத்திகு என்பது ஊரா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற அம்மையார் சிரித்துவிட்டார். "ஊர் இல்லை தம்பி. பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசினாரே, அப்போது மாடி ஜன்னலில் தூங்கி விழுந்தானே, அந்த வாலிபன். உன் வயதுதான் இருக்கும்." பையன் ஜன்னலுக்கு ஓடாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அந்த அம்மையார் அதுவரை எந்த விளையாட்டிலும் எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

எண்ணுக்கு எழுத்து மாற்றும் சங்கேதங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். 26 எழுத்துக்கு அது சரி; 247 எழுத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தால் வேட்டை பள்ளித் தேர்வாகிவிடும். அதற்குப் பதிலாகத் தமிழுக்கே உரிய ஒரு வித்தை இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதுவது வழக்கம். அதையே இங்கே செய்யுங்கள். 'நாற்காலிக்கு அடியில் பார்' என்பது 'நாறகாலிககு அடியில பார' ஆகிவிடும். பிள்ளைகள் உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டே கண்டுபிடிப்பார்கள். எழுத்தைக் கலைத்துப் போடுவதென்றால் உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தாகவே கலையுங்கள். கொம்பையும் காலையும் தனியே பிரித்தால் அச்சில் பார்க்கவே பயமாக இருக்கும்.

'இந்த வசனத்தில் மூன்றாவது சொல்' என்ற வகைக் குறிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லோர் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். பழைய திருப்புதலில் ஆதியாகமம், பொது மொழிபெயர்ப்பில் தொடக்கநூல். அங்கே சங்கீதம், இங்கே திருப்பாடல்கள். நூல்களின் எண்ணிக்கையே 66, 73 என்று மாறும். பல சபையார் கூடும் இடமென்றால் சொல்லை எண்ணும் குறிப்புகளை விட்டுவிட்டு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். ஐந்து கூழாங்கற்கள் எந்த மொழிபெயர்ப்பிலும் ஐந்துதான்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும், 18 புள்ளி அளவுக்குக் குறையவேண்டாம். வண்ணத் தாளில் மட்டும் வேறுபடுத்தாமல், மூலையில் ஒரு வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று குழுவுக்கு ஓர் உருவமும் போடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் கண்கள் எல்லாச் சபையிலும் உண்டு.

எழுதி முடித்ததும், வேட்டையில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு அருகில் உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் அவருக்குப் பிடிபடவில்லை என்றால் குறிப்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஒளித்துவைத்தல்

கூடுகைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒளித்தால் போதும். முந்தின இரவே ஒளித்துவைத்து நான் பட்ட பாடு: காலையில் கூட்டிப் பெருக்கியவர் துடைப்பத்தில் கட்டியிருந்த நான்கு சீட்டையும் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, துடைப்பத்தில் சீட்டைக் கட்டியவன் நான். பாட்டுப் புத்தகத்துக்குள் வைப்பதும் ஆபத்து; யாராவது அந்தப் புத்தகத்தையே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

சுவரில் ஒட்டக் காகித ஒட்டுநாடா பயன்படுத்துங்கள், சுண்ணாம்பு பெயராது. நான்கு சீட்டையும் ஒரே உறையில் போடாதீர்கள். அவசரத்தில் ஒரு குழு மொத்தத்தையும் எடுத்துப்போகும். ஒரு கையகல இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஒட்டுங்கள். 'உங்கள் வண்ணம் தவிர வேறு எதையும் தொடக்கூடாது' என்பதே அன்றைய முதல் விதி. ஒவ்வொன்றையும் ஒட்டியதும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 20 சீட்டுக்கும் ஒரு மறுபிரதியை உறையில் போட்டு உங்கள் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

வேட்டை நடக்கும்போது

விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஓடக்கூடாது. குழுவில் எல்லோரும் வந்து சேரும்வரை சீட்டைப் பிரிக்கக்கூடாது. விடையைக் கத்தக்கூடாது, காதோடு சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் வேகமாக நடக்கிறவர்கள் வேட்டையாடுவார்கள், மெதுவாக நடக்கிறவர்கள் அவர்களைத் தேடுவார்கள். மூன்றாவதை மறந்தால், நான்கு குழுவும் இதே நான்கு இடங்களுக்குத்தானே போகின்றன, ஒருவர் "ஜன்னல்!" என்று அலறினால் மூவருக்கும் விடை தெரிந்துவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு உதவியாளரை உட்காரவையுங்கள். அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு ஏற்ற பொறுப்பு இது. நான்கு நிமிடம் தாண்டியும் ஒரு குழு திணறினால் அவர்கள் நிற்கும் இடத்தின் உதவியாளரே ஒரு துப்பு கொடுக்கலாம், அபராதம் எதுவும் இல்லாமல். சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் இரண்டு பெரியவர்களாவது இருக்கட்டும். கோலிக்குண்டு, காசு, ஊதாத பலூன் போல வாயில் போடத்தக்க எதையும் புதையலாகவோ அலங்காரமாகவோ வைக்கவேண்டாம்.

நீங்கள் நடுக்கூடத்தில் பெட்டியின் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் முடித்த குழு உங்களிடம் வந்து "நாங்கள் முடித்துவிட்டோம்" என்று சொல்லும். "உங்கள் எண் பெட்டியைத் திறக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு கணம் விழிப்பார்கள், பிறகு மற்றவர்களைத் தேடிப் போவார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

பெட்டி திறந்தபின்

உள்ளே என்ன வைப்பது என்று பலர் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் பங்கு வரக்கூடியதாக இருந்தால் போதும். நான் தலைக்கு ஒரு சிறு உறை வைப்பேன். அதற்குள் அங்கு வந்திருக்கும் இன்னொருவரின் பெயர், அந்த வாரம் அவருக்காக ஜெபிக்க. கூடவே பகிர்ந்து உண்ண ஏதாவது. உறைகளில் பெயர் எழுத வேண்டுமென்பதால், வாசலில் வண்ணச் சீட்டு கொடுக்கும்போதே ஒருவர் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேட்டை நடக்கும் 25 நிமிடத்தில் எழுதி முடித்துவிடலாம். எழுதியதைப் பெட்டிக்குள் போடுவதற்குள் யாரும் பூட்டின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

பேசுகிறவருக்கு 10 நிமிடத்துக்கு மேல் கொடுக்கவேண்டாம். ஐத்திகுவின் கதி எல்லோருக்கும் அப்போது நினைவில் இருக்கும். மத்தேயு 13:44 பொருத்தமான பகுதி. நிலத்தில் புதையலைக் கண்டவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. திரும்ப மறைத்துவைத்துவிட்டு, தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தையே வாங்கினான். சற்றுமுன் நடந்த தேடலோடு வைத்து அதைக் கேட்கும்போது பிள்ளைகள்கூட "ஏன் மறைத்தான்?" என்று கேட்பார்கள். கேட்கவிடுங்கள்.

எல்லோரும் கிளம்பியபின் சிவப்புத் தாள்களை அகற்றி, சீட்டுகளை எண்ணுங்கள். ஒளித்துவைத்தது 16, திரும்பி வர வேண்டியதும் 16. ஒன்று குறைந்தால் கைபேசிப் படங்களை எடுத்துப் பாருங்கள். எனக்கு மூன்று முறை 15-தான் வந்தது, மூன்று முறையும் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில் ஒன்று விழுந்து கிடந்தது. ஒரு அளவுகோலை வைத்து நெம்பினால் வந்துவிடும்.